காட்டு மண்ணையும் வயல் மண்ணையும் ஒப்பிடுவது எப்படி: கரிமக் கணக்கு, வளையத்திலிருந்து டன் வரை

கொல்லிமலையில் என் நண்பனுக்கு மரவள்ளி போட்ட நிலம் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. மேல்வரப்பை ஒட்டியே ஊர்க் கோயில்காடு. எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தையே காடு என்றுதான் சொல்வோம், அதனால் குழப்பம் வராமல் இருக்க இந்தப் பதிவில் மரவள்ளி நிலத்தை வயல் என்றும் கோயில்காட்டைக் காடு என்றும் எழுதுகிறேன். இரண்டு இடத்திலும் மண் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். அங்கக கரிமம் (மக்கிய தழை, வேர் போன்றவற்றால் மண்ணில் சேரும் கார்பன்) வயலில் 1.2 சதவீதம், காட்டில் 3 சதவீதம் என்று வந்தது (எண்களைக் கணக்குக்கு வசதியாக முழுதாக்கியிருக்கிறேன்). "காட்டில் இரண்டரை மடங்கு இருக்கு, உழுது உழுது அவ்வளவும் போச்சு" என்று அன்றைக்கே அவனிடம் சொல்லிவிட்டேன். அது தப்பு. ஏன் தப்பு என்று விளங்கவே எனக்கு இரண்டு பருவம் ஆனது. நீங்கள் அந்த இரண்டு பருவத்தை வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சதவீதம் என்பது 100 கிராம் மண்ணில் எத்தனை கிராம் கரிமம் என்பது மட்டும்தான். நிலத்தில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அங்கே எத்தனை டன் மண் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். காட்டு மண் வேரும் புழுவும் மக்கும் சேர்ந்து பொலபொலவென்று இருக்கும், ஒரு கன சென்டிமீட்டர் ஒரு கிராம்கூட வராது. உழுது, மழையில் அடித்து, ஆள் நடந்து இறுகிய வயல் மண் 1.3, 1.4 என்று வரும். இதற்குப் பெயர் பரும அடர்த்தி. பரிசோதனை அறிக்கையில் இது பெரும்பாலும் இருக்காது. நாம்தான் எடுக்க வேண்டும்.

வளையம்

கொள்ளளவு தெரிந்த ஒரு வளையத்தை மண்ணில் இறக்கி, உள்ளே வந்த மண்ணை உலர்த்தி எடை போட்டு, அந்த எடையைக் கொள்ளளவால் வகுத்தால் பரும அடர்த்தி. இதற்குக் கடையில் விற்கும் செட் விலை அதிகம். நான் லேத் பட்டறையில் இரும்புக் குழாயில் வெட்டிக்கொண்டேன். உள்விட்டம் 5 செ.மீ., உயரம் 5.1 செ.மீ. இருந்தால் கொள்ளளவு 100 கன செ.மீ. வரும், கணக்கு சுலபம். பி.வி.சி. குழாயில் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். செய்யாதீர்கள். கல்லில் பட்டால் வாய் நெளிந்துவிடும், அப்புறம் அந்த 100 என்பது 100 இல்லை.

லேத்காரரிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: மண்ணில் இறங்கும் விளிம்பைக் கூராக்கும் சரிவு வளையத்தின் வெளிப்பக்கம்தான் இருக்க வேண்டும். என் முதல் வளையத்தில் உள்பக்கம் சரித்துக் கொடுத்துவிட்டார்கள். அது மண்ணை உள்நோக்கி நெருக்கியது, ஒவ்வொரு தடவையும் அடர்த்தி கூடுதலாக வந்தது. குறை வளையத்தில் என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் போனது.

எங்கே எடுப்பது

காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு பிடி மண்கூட எடுக்கக் கூடாது. கோயில்காடு என்றால் ஊர்ப் பெரியவர்களிடமும் பூசாரியிடமும் கேளுங்கள். எங்களிடம் பூசாரி ஐயா, "சாமி மண்ணை எடுத்து என்ன தம்பி பண்ணப் போறீங்க?" என்றார். எடை போட்டுவிட்டு மிச்சத்தைத் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிடுகிறோம் என்றதும் செருப்பைக் கழற்றச் சொல்லி அவரே கூட்டிக்கொண்டு போய், எந்த மரத்தடியில் தோண்டக் கூடாது என்று காட்டினார். சொன்னபடி மிச்ச மண்ணைக் கொண்டுபோய்ப் போட்டோம்.

ஒவ்வொரு இடத்திலும் குறைந்தது ஐந்து புள்ளிகள். வயலும் காடும் ஒரே சரிவு, ஒரே நிற மண்ணாக இருக்கட்டும். மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று எடுத்தால் மழை அரித்துக் கொண்டுபோனதைத்தான் அளப்பீர்கள்.

மண் எடுக்கும் படி

நான் அதிகம் சறுக்கியது இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

சருகைக் கையால் ஒதுக்குங்கள். பாதி மக்கிய கறுப்புச் சருகு எங்கே முடிகிறது, மண் எங்கே ஆரம்பிக்கிறது என்பது காட்டில் அவ்வளவு தெளிவாகத் தெரியாது. கொஞ்சம் எடுத்து விரலில் தேயுங்கள், நரநரவென்று மணல் தட்டுப்பட்டால் மண். ஆழத்தை அளக்க அதுதான் உங்கள் பூஜ்யம். ஐந்து புள்ளியிலும் அதே பழக்கத்தைக் கடைப்பிடியுங்கள்.

வளையத்தை வைத்து, மேலே மரக்கட்டை வைத்து, கட்டையின் மேல் மரச்சுத்தியால் மெதுவாகத் தட்டுங்கள். முதல் தடவை நான் சுத்தியல் எடுத்து வளையத்தின் மேலேயே ஓங்கி அடித்தேன். வயலில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. காட்டில் வளையத்துக்குள் இருந்த மண் வெளியே இருந்த மண்ணைவிட ஒரு விரற்கடை கீழே இறங்கிக் கிடந்தது, நான் அதைக் கவனிக்கவே இல்லை. இறங்கிவிட்டது என்றால் நசுங்கிவிட்டது என்று அர்த்தம், அந்த மாதிரியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு முழம் தள்ளி மறுபடி எடுங்கள். வேர் குறுக்கே வந்தால் அடித்து இறக்காதீர்கள், சுற்றி மண்ணை விலக்கிக் கத்தரியால் வெட்டுங்கள். வளையம் இறங்கியதும் பக்கத்தில் கொத்தனார் கரண்டியால் தோண்டி, அடியோடு தூக்கி, இரண்டு முகத்தையும் ஹாக்ஸா பிளேடால் வழித்துச் சமன் செய்யுங்கள். கத்தியைவிட ஹாக்ஸா பிளேடு எவ்வளவோ மேல், கத்தி வேரை அறுக்காமல் இழுத்துக் குழி விழ வைக்கும்.

15 செ.மீ. ஆழத்துக்கு ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று வளையம் எடுங்கள். நடுவில் ஒன்று போதும் என்பார்கள், ஆனால் காட்டில் மேல் 5 சென்டிமீட்டருக்கும் கீழ் 5 சென்டிமீட்டருக்கும் அவ்வளவு மாற்றம் இருக்கிறது. முடிந்தால் 30 செ.மீ. வரை போங்கள், உலக அளவில் கரிமக் கணக்குகளில் வழக்கமான ஆழம் அதுதான். அதோடு, கீழே வரப்போகும் ஒரு கணக்குக்கு அந்த அடி மண் கட்டாயம் வேண்டும்.

பரிசோதனைக்கு அனுப்பும் மண்ணை அதே குழியின் பக்கச் சுவரிலிருந்து, 0 முதல் 15 வரை ஒரு பையிலும் 15 முதல் 30 வரை வேறு பையிலுமாகத் தனியாக எடுத்துக்கொள்ளுங்கள். அதை நிழலில் மட்டும் உலர்த்துங்கள்.

உலர்த்துவதும் கல்லும்

வளைய மண் 105 டிகிரியில் எடை மாறாமல் நிற்கும் வரை உலர வேண்டும். ஆய்வகத்தில் 24 மணி நேரம் வைப்பார்கள். வீட்டு ஓ.டி.ஜி. அடுப்பில் நான் இரண்டு பகல் வைக்கிறேன். உள்ளே ஒரு வெப்பமானி வைத்தே ஆக வேண்டும், என் அடுப்பில் டயல் 100 காட்டும்போது உள்ளே 130 இருந்தது, சருகு கருகும் வாசனை வந்த பிறகுதான் தெரிந்தது. தராசு 0.1 கிராம் காட்டுவதாக இருக்கட்டும்.

உலர்ந்ததை உடைத்து 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துக் கல்லைத் தனியே எடை போடுங்கள். மலைச் செம்மண்ணில் சரளைக்குக் குறைவே இல்லை. ஒரு வளையத்தில் உலர்ந்த எடை 142 கிராம், அதில் கல் 24 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கல்லில் கரிமம் கிடையாது. ஆகவே மீதி 118 கிராமை வளையத்தின் முழுக் கொள்ளளவான 100-ஆல் வகுத்து 1.18 என்று எடுங்கள். கல்லோடு சேர்த்து 1.42 என்று போட்டால் கரிமத்தை 20 சதவீதம் கூட்டிச் சொல்கிறீர்கள்.

கணக்கு

கரிமச் சதவீதம் × அடர்த்தி × ஆழம் (செ.மீ.), இவ்வளவுதான். விடை ஹெக்டேருக்கு டன். ஏக்கருக்கு வேண்டுமானால் 2.47-ஆல் வகுங்கள்.

வயல்: 1.2 × 1.35 × 15 = 24.3 டன். காடு: 3 × 0.9 × 15 = 40.5 டன். இரண்டரை மடங்கு என்றேனே, இப்போது ஒன்றே முக்காலுக்கும் குறைவு.

ஆனால் இதிலும் ஒரு பிசகு இருக்கிறது, என்னை உண்மையில் உட்கார வைத்து யோசிக்க வைத்தது இதுதான். வயலில் 15 செ.மீ. தோண்டினால் ஹெக்டேருக்கு 2,025 டன் மண் வருகிறது, காட்டில் 1,350 டன்தான். வயல் மண் இறுகியதால், ஒரு காலத்தில் இன்னும் ஆழத்தில் இருந்த மண்ணும் இப்போது இந்த 15-க்குள் வந்துவிட்டது. நாம் ஒப்பிடுவது ஒரே மண்ணை அல்ல. அதனால் ஆழத்தைச் சமமாக வைக்காமல் எடையைச் சமமாக வையுங்கள். காட்டில் 2,025 டன் மண் வர வேண்டுமானால் 22.5 செ.மீ. போக வேண்டும் (கீழேயும் அடர்த்தி 0.9 என்றே வைத்துக்கொண்டால்). அந்தக் கூடுதல் 7.5 சென்டிமீட்டரில் கரிமம் 2 சதவீதம் என்றால் 13.5 டன் சேரும், காட்டின் கணக்கு 54 டன் ஆகிவிடும். வயலைப் போல 2.2 மடங்கு. ஹெக்டேருக்குக் கிட்டத்தட்ட 30 டன் வித்தியாசம், ஆழத்தை மட்டும் பார்த்திருந்தால் 16 டன் என்று முடித்திருப்போம்.

அறிக்கை வந்ததும்

இரண்டு கேள்வி கேளுங்கள். கொடுத்திருப்பது அங்கக கரிமமா, அந்தக் கரிமத்தோடு மற்றதும் சேர்ந்த மொத்த மக்கான அங்ககப் பொருளா? இரண்டும் ஒன்றில்லை, பொருளை 1.724-ஆல் வகுத்தால்தான் கரிமம். அடுத்தது, 1.3-ஆல் பெருக்கினார்களா? கரிமத்தை அளக்கும் வழக்கமான வாக்லி-பிளாக் முறை (1934-இல் வந்தது, இன்றும் அதுதான் ஓடுகிறது) கரிமத்தில் முக்கால் பங்குக்குச் சற்று மேல் மட்டுமே எட்டும், அந்தக் குறையைச் சரிக்கட்டும் எண் அது. வீட்டில் இந்த முறையைச் செய்து பார்க்காதீர்கள், அதற்கு வேண்டிய டைக்ரோமேட்டும் அடர் கந்தக அமிலமும் விளையாட்டுப் பொருள் அல்ல.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

"மண்ணை உலையில் வைத்து எரித்து, குறைந்த எடையைக் கரிமக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாமா?" நம் செம்மண்ணுக்கு வேண்டாம். வெப்பமண்டலச் செம்மண்ணின் களியில் கயோலினைட் என்ற கனிமமும், சில இடங்களில் கிப்சைட் என்ற கனிமமும் இருக்கும். அவற்றின் படிகத்துக்குள்ளேயே நீர் கட்டுண்டு கிடக்கிறது. கிப்சைட் 300 டிகிரி வாக்கிலேயே அதை விடும், கயோலினைட் 500 வாக்கில். அந்த நீரின் எடையும் கரிமக் கணக்கில் ஏறிவிடும்.

கரிசல் நிலத்துக்காரர் ஒருவர் மாசியில் ஓர் எண்ணும் ஐப்பசியில் வேறோர் எண்ணும் வருகிறது என்று எழுதியிருந்தார். அவர் அளந்ததில் தப்பு இல்லை. கரிசல் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும், அடர்த்தியும் கூடவே மாறும். மழை பெய்து இரண்டு மூன்று நாள் கழித்து, ஈரம் நிலைத்த சமயத்தில் எடுங்கள், அடுத்த வருடமும் அதே ஈரப்பதத்தில் எடுங்கள்.

புனம் எரித்த நிலத்தில் கரித்துண்டு கிடந்தால் என்ன செய்வது என்று இன்னொருவர். வாக்லி-பிளாக் முறை கரியை முழுதாகப் பிடிக்காது. கரி அதிகம் உள்ள மண்ணை உலர் எரிப்புக் கருவி (எடைக் குறைவை அல்ல, எரியும்போது வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அளப்பது) இருக்கும் ஆய்வகத்துக்கு அனுப்புவதே சரி.

சலித்த மண்ணில் கால் கிலோவை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வையுங்கள். ஐந்து வருடம் கழித்துப் புது மண்ணை அனுப்பும்போது இதையும் சேர்த்து ஒரே ஆய்வகத்துக்கு ஒரே நாளில் அனுப்பினால், ஆய்வக வேறுபாடு கணக்கைக் கெடுக்காது. பாட்டில் மேல் இடம், தேதி, ஆழம், வளையத்தின் கொள்ளளவு, அன்றைய ஈரம், கடைசியாக மழை பெய்த நாள் எல்லாம் பென்சிலால் எழுதிய சீட்டாக ஒட்டுங்கள், பேனா மை மங்கிவிடுகிறது.