நீண்ட விமானப் பயணத்தில் இணையம் இல்லாமல் இருப்பது எப்படி: போனை முந்தின நாளே தயார் செய்யும் முறை

சென்னையிலிருந்து துபாய்க்கு ஏறக்குறைய 4 மணி நேரம், அங்கே இறங்கிக் காத்திருந்து மறுபடி ஏறினால் சான் பிரான்சிஸ்கோவுக்கு இன்னும் 16 மணி நேரம். மீனம்பாக்கத்தில் ஏறி நேராக லண்டன் போனாலும் 10 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அவ்வளவு நேரமும் வாட்ஸ்அப் கிடையாது, யூடியூப் கிடையாது, "எந்த வாசலில் நிற்கிறாய்?" என்று பிள்ளையிடம் கேட்க வழி கிடையாது. முதல் தடவையாக வெளிநாடு போகிறவர்கள், மகள் பிரசவத்துக்குத் தனியாகக் கிளம்பும் அம்மாக்கள், அவர்கள் போனை வாங்கி எல்லாம் செய்து கொடுக்கும் அக்கா பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். போன் திரையில் தெரிவதெல்லாம் போனுக்குள் இருப்பதில்லை. மெயிலில் வந்த டிக்கெட், பழைய போட்டோ, கேட்டுக்கொண்டிருந்த பாட்டு, எல்லாம் எங்கேயோ ஒரு கணினியில் இருக்கிறது, நாம் தொடும்போதுதான் வந்து சேர்கிறது. நெட் நின்றால் அதுவும் நிற்கும். கீழே வரும் ஒவ்வொரு வேலையும் இதற்காகத்தான்.

விமானத்திலேயே வைஃபை இருக்கிறதே?

இருக்கிறது. அதை நம்பிக் கிளம்பாதீர்கள், அவ்வளவுதான்.

நம் ஊர் செல்போன் டவர்கள் தரையில் இருப்பவர்களுக்காக அமைக்கப்பட்டவை. 10 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகும் விமானத்தை அவற்றால் தொடர முடியாது. அதனால் நீண்ட தூர விமானங்கள் செயற்கைக்கோளிடம் இணையம் வாங்குகின்றன. பல விமானங்கள் நம்பியிருப்பது பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள்களை. நாம் கேட்பது அது வழியாகத் தரைக்குப் போய், பதில் அதே வழியில் திரும்பி வரவே ஏறக்குறைய அரை நொடி ஆகிவிடும், அந்த இணைப்பையும் விமானத்தில் இருக்கிற நூற்றுக்கணக்கானவர்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் உண்டு: வளைகுடாவிலிருந்து அமெரிக்காவின் மேற்குக் கரைக்குப் போகிற விமானம் வட துருவத்தை ஒட்டிப் பறக்கும், அங்கிருந்து பார்த்தால் பூமத்திய ரேகைக்கு மேலே இருக்கும் செயற்கைக்கோள் அடிவானத்துக்கே இறங்கிவிடுகிறது, நீங்கள் காசு கொடுத்திருந்தாலும் அந்தப் பகுதியில் நெட் வராது. தாழ்வாகச் சுற்றும் ஸ்டார்லிங்க் போன்ற செயற்கைக்கோள்கள் இதில் எவ்வளவோ மேல், கத்தார் ஏர்வேஸ் 2024 முதல் தன் விமானங்களில் அதைப் பொருத்தி வருகிறது. ஆனால் கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றிவிட்டால் அதுவும் நிச்சயமில்லை.

பணம் கட்டுவதிலும் ஒரு சிக்கல். வானத்தில் இருந்துகொண்டு நம் ஊர் வங்கி கார்டில் வைஃபை வாங்கப் போய், வங்கி ஓடிபி கேட்டால், அந்த எஸ்எம்எஸ் வந்து சேர அங்கே சிக்னல் இருக்காது. சில நிறுவனங்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு இலவசமாகவே கொடுக்கின்றன, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கிரிஸ்ஃப்ளையர் என்ற தன் உறுப்பினர் திட்டத்தில் இருப்பவர்களுக்குக் கொடுப்பது போல. உறுப்பினராவதற்குக் காசு கிடையாது, வீட்டிலேயே சேர்ந்து அந்த எண்ணை டிக்கெட்டில் ஏற்றிவிடுங்கள். கிடைத்தால் லாபம்.

படி 1: காகிதம்

பாஸ்போர்ட், விசா, போக வர டிக்கெட், பயணக் காப்பீடு, எல்லாவற்றையும் அச்செடுத்துக் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் வேண்டாம். போய்த் தங்கப்போகும் வீட்டின் முழு முகவரி, அந்த வீட்டில் இருப்பவரின் போன் நம்பர் இரண்டையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதுங்கள். அமெரிக்க இமிகிரேஷனில் எங்கே தங்கப்போகிறீர்கள் என்று கேட்பார்கள், அப்போது வாட்ஸ்அப்பைத் திறந்து தேடிக்கொண்டு நிற்க முடியாது. தினமும் சாப்பிடும் மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டும் அதே உறையில்.

அப்புறம் போனில். மெயிலில் வந்த பிடிஎஃப்பை ஒரு தடவை திறந்து பார்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள், போதாது, டவுன்லோட் அழுத்தி போனில் சேமிக்க வேண்டும். அதை ஸ்க்ரீன்ஷாட்டும் எடுத்துவிடுங்கள், கேலரியில் கண்ணுக்கு எதிரே கிடக்கும். கூகுள் டிரைவில் வைத்திருப்பவர்கள் அந்தந்த ஃபைலுக்கு ஆஃப்லைன் வசதியை, அதாவது நெட் இல்லாமலும் திறக்கும் வசதியை, தனியாகப் போட வேண்டும். கூகுள் போட்டோஸில் "இடத்தைக் காலி செய்" என்று எப்போதாவது அழுத்தியிருந்தால், பழைய படங்கள் மங்கலாக மட்டும் தெரியும், பெரிதாகத் திறக்காது. பேரன் பேத்தி படங்களை வழியில் பார்க்க நினைக்கிறவர்கள் அவற்றைத் திரும்ப இறக்கிக்கொள்ளுங்கள்.

படி 2: நெட்டில் நிரப்ப வேண்டிய படிவங்கள்

இதைப் பலர் கோட்டை விடுகிறார்கள். சிங்கப்பூர் போகிறவர்கள் எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும், போய்ச் சேரும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள். தாய்லாந்து 2025 மே மாதம் முதல் இதே மாதிரி ஒன்றைக் கேட்கிறது, மலேசியாவுக்கும் உண்டு. விமானத்தில் உட்கார்ந்து நிரப்பிக்கொள்ளலாம் என்று விடாமல் வீட்டிலேயே முடியுங்கள். இந்த மூன்றுக்குமே அரசுத் தளத்தில் கட்டணம் கிடையாது, காசு கேட்கிற தளம் என்றால் உடனே வெளியே வந்துவிடுங்கள். நிரப்பியதும் வரும் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 3: வங்கியும் சிம் கார்டும்

ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதிப்படி, புதிதாகக் கொடுக்கப்படும் கார்டுகள் இந்தியாவுக்குள் மட்டும் வேலை செய்யும் நிலையில்தான் வருகின்றன. வங்கி ஆப்பில் போய் வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்கள்தான் திறக்க வேண்டும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே செய்யுங்கள், ஏதாவது தகராறு என்றால் கிளைக்குப் போய்க் கேட்க நேரம் இருக்கும்.

வெளிநாட்டிலும் நம் ஊர் சிம்மையே பயன்படுத்த ரோமிங் பேக் போடுகிறவர்கள் அது நடுவில் இறங்கும் நாட்டுக்கும் செல்லுமா என்று பாருங்கள். அமெரிக்காவுக்கு மட்டும் பேக் போட்டுக்கொண்டு துபாயில் டேட்டாவைத் திறந்தால் பில் தனியாக ஏறும்.

படி 4: பார்க்க, கேட்க, படிக்க

வீட்டு வைஃபையில் முந்தின நாள் ராத்திரியே இறக்கி வையுங்கள். விமான நிலைய வைஃபையில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், நள்ளிரவில் நாலைந்து விமானங்களுக்கான கூட்டம் ஒரே நேரத்தில் அதைத்தான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும்.

நெட்ஃப்ளிக்ஸ், பிரைம் வீடியோ போன்றவற்றில் டவுன்லோட் செய்ததற்கும் ஆயுள் உண்டு. சில படங்கள் பார்க்க ஆரம்பித்த 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும், அதனால் எப்படி இருக்கிறது என்று பார்க்க வீட்டிலேயே பாதி ஓட்டிவிடாதீர்கள். போனில் இடம் குறைவு என்றால் தரத்தைக் குறைத்து இறக்குங்கள், ஆறங்குலத் திரையில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஸ்பாட்டிஃபையில் பாட்டு இறக்க பிரீமியம் வேண்டும், பாட்காஸ்ட்டுக்கு வேண்டாம்.

படிக்கும் விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற இணையத் தமிழ் நூல் தொகுப்பில் சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு நாவல்கள் வரை இலவசமாகக் கிடைக்கிறது. கோட்டூரில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் ஏராளம். நாலைந்து பிடிஎஃப் இறக்கினால் போதும், ஒரு படத்துக்கு ஆகும் இடம்கூட ஆகாது. கிவிக்ஸ் என்றொரு இலவச ஆப் இருக்கிறது, தமிழ் விக்கிப்பீடியாவை அப்படியே போனுக்குள் இறக்கி வைத்துக்கொள்ளலாம், ஒன்றைத் தேடப் போய் இன்னொன்றில் நுழைந்து மணிக்கணக்கில் படித்துக்கொண்டே போவதற்கு அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை.

படி 5: மேப்பும் மொழிபெயர்ப்பும்

கூகுள் மேப்ஸில் உங்கள் படத்தைத் தொட்டு ஆஃப்லைன் மேப்ஸ் போய், இறங்கும் ஊரைத் தேர்ந்தெடுத்து இறக்குங்கள். ஜிபிஎஸ் வேலை செய்ய நெட் தேவையில்லை என்பதால் நீங்கள் நிற்கும் இடத்தை நீலப் புள்ளி காட்டிவிடும். ஆனால் நெட் இல்லாமல் கார் வழி மட்டும்தான் சொல்லும், பஸ், ரயில், நடைவழி எல்லாம் சொல்லாது. கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழையும் ஆங்கிலத்தையும் இறக்கிவிட்டால் ஆங்கிலம் தயங்கும் பெரியவர்களுக்குப் பெரிய தைரியம்.

படி 6: வீட்டிலேயே ஒரு ஒத்திகை

மற்றதில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஃப்ளைட் மோடைப் போடுங்கள். வைஃபை தனியாக ஓடிக்கொண்டிருக்கலாம், அதையும் அணையுங்கள். போனை ஒரு முறை அணைத்துப் போடுங்கள், அப்போதுதான் ஏற்கெனவே திறந்து வைத்ததைக் காட்டி அது நம்மை ஏமாற்றாது.

இப்போது ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். டிக்கெட் வருகிறதா, இறக்கிய படம் முதல் நிமிடம் தாண்டி ஓடுகிறதா, நடுவில் தள்ளிவிட்டாலும் ஓடுகிறதா, மேப்பில் தெருப் பெயர் தெரிகிறதா, ஏதாவது ஆப் மறுபடி லாகின் கேட்கிறதா? பாதி இறங்கி நின்ற ஃபைல்களும், லாகின் போய்விட்ட ஆப்களும் இங்கேதான் மாட்டும். மாட்டியதை நெட்டைப் போட்டுச் சரிசெய்து, மறுபடி அணைத்துப் பாருங்கள். அம்மா அப்பா போனுக்குச் செய்கிறீர்கள் என்றால் நீங்கள் திறந்து காட்டாமல் அவர்களையே திறக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், எங்கே விரல் தயங்குகிறதோ அந்த ஐகானை முதல் திரைக்குக் கொண்டுவந்து வையுங்கள். ஒரு மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

படி 7: சார்ஜ்

பவர் பேங்க் கைப்பையில்தான் போக வேண்டும், பொதுவான வரம்பு 100 வாட்-அவர் (Wh). மேலே 20,000 எம்ஏஎச் (mAh) என்று போட்டிருந்தால் அது சுமார் 74 வாட்-அவர், எனவே பிரச்சினை இல்லை. ஆனால் எடுத்துப் போகலாம் என்பது வேறு, பயன்படுத்தலாம் என்பது வேறு: சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரலிலிருந்தும் எமிரேட்ஸ் அதே ஆண்டு அக்டோபரிலிருந்தும் பறக்கும்போது பவர் பேங்கில் சார்ஜ் போடுவதைத் தடை செய்துவிட்டன. இருக்கையில் யூஎஸ்பி துளை இருக்கும், பல விமானங்களில் அது பழைய பெரிய வகை, அதற்குப் பொருந்தும் கேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். வயர் உள்ள இயர்போன் ஒன்றும்.

ஏறிய பிறகு

கதவு மூடும் முன் வீட்டுக்கு ஒரு செய்தி போட்டுவிட்டு ஃப்ளைட் மோடைப் போடுங்கள், இறங்கும் வரை எடுக்க வேண்டாம். சில விமானங்களுக்குள்ளேயே சின்ன மொபைல் நெட்வொர்க் இருக்கிறது, ஃப்ளைட் மோட் போடாத போன் அதில் தானாக ஒட்டிக்கொண்டு ரோமிங் கட்டணத்தை ஏற்றிவிடும். வாட்ஸ்அப்பில் நடுவழியில் தோன்றுவதை எழுதி அனுப்பிவிடலாம், கடிகாரக் குறியோடு காத்திருந்து நெட் வந்ததும் தானே போகும்.

துபாயில் இறங்கினால் விமான நிலைய வைஃபை இலவசம். வாட்ஸ்அப்பில் எழுத்தும் குரல்பதிவும் போகும், அழைப்பு மட்டும் அந்த நாட்டுக் கட்டுப்பாட்டால் பொதுவாகப் போகாது. இதைத் தெரியாமல் போன் கெட்டுவிட்டது என்று பயந்துபோகிறவர்கள் உண்டு. குரல்பதிவு அனுப்புங்கள், அது போதும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

எத்தனை மணிக்கு ஏறுகிறார்கள், எத்தனை மணிக்கு இறங்குகிறார்கள், இடையில் எத்தனை மணி நேரம் பேச முடியாது என்பதை இந்திய நேரத்திலேயே எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள். ஃப்ளைட்ரேடார்24-இல் விமானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். கடலுக்கு மேலேயும் துருவத்துப் பக்கமும் தரையில் சிக்னல் வாங்கும் கருவிகள் குறைவு, அங்கே போகும்போது விமானம் திரையிலிருந்து மறையலாம் அல்லது உத்தேசமான இடத்தில் காட்டலாம். அதைப் பார்த்து யாரும் பதறி ஊருக்கெல்லாம் போன் போட வேண்டாம்.

இறங்கியதும்

ஃப்ளைட் மோடை எடுத்து இரண்டு நிமிடம் பொறுங்கள், போன் நெட்வொர்க் தேடிப் பிடித்து நேரத்தையும் மாற்றிக்கொள்ளும். பிடிக்காவிட்டால் விமான நிலைய வைஃபை. அதுவும் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதைச் சென்னையிலேயே பேசி முடித்திருக்க வேண்டும்: பெட்டி எடுத்துக்கொண்டு வெளியே வரும் கதவுக்குப் பக்கத்திலேயே நிற்பது, எவ்வளவு நேரமானாலும் அங்கிருந்து நகராமல் இருப்பது, கூப்பிட வருகிறவர் காரை நிறுத்திவிட்டு உள்ளே வந்து தேடுவது. அந்தத் தாளில் முகவரிக்குக் கீழே இதையும் இரண்டு வரியில் எழுதி, அழைத்துப்போக வருகிற பிள்ளைக்கும் படம் பிடித்து அனுப்பிவிடுங்கள்.