‘புதியவர்’ லேபிளை எங்கே ஒட்டுவது, எப்போது எடுப்பது

கேள்வி-பதில் தளத்தில் ‘புதியவர்’ லேபிள் வைப்பது பதில் எழுத வருபவருக்காக, அவர் பொறுமையாகப் பேச வேண்டும் என்று நினைவூட்ட. அதனால் அதைப் பயனர் பெயரோடு சேர்த்து ஒட்டாதீர்கள். ஆள் போகுமிடமெல்லாம் முத்திரை மாதிரி கூடவே வரும். பதிவில் ஒட்டுங்கள். இன்னும் முக்கியமாக, கமெண்ட் எழுதும் பெட்டிக்கு மேலும் காட்டுங்கள். கோபத்தோடு தட்டச்சு செய்யப் போகிறவர் கண் நிற்கும் இடம் அதுதான். நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2018இல் இந்த லேபிளைக் கொண்டுவந்தபோது இரண்டு இடத்திலும் வைத்தது.

லேபிள் இருக்கும் நாள் கணக்கை முதல் பதிவிலிருந்து தொடங்குங்கள், கணக்கு திறந்த தேதியிலிருந்து அல்ல. இரண்டு வருடம் சும்மா படித்துவிட்டு இன்றுதான் முதல் கேள்வி கேட்பவரும் புதியவர்தான். ஏழு நாள் போதும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் கணக்கும் அதுவே.

டேட்டாபேஸில் ‘புதியவர்: ஆம்’ என்று எழுதி வைக்க வேண்டாம். அதை நீக்கும் தானியங்கி வேலை ஒருநாள் நின்றால், பழகியவர்கள் தலையிலும் லேபிள் தொங்கும். முதல் பதிவின் நேரத்தை மட்டும் சேமித்து, பக்கம் திறக்கும்போது கணக்கிடுங்கள். நீக்கப்பட்ட பதிவையும் கணக்கில் சேருங்கள். இல்லாவிட்டால் முதல் கேள்வியை அழித்துவிட்டு மறுபடி கேட்பவருக்கு ஏழு நாள் புதிதாகத் தொடங்கும். பக்கங்களை கேஷ் செய்தால் (நகலைச் சேமித்து வைத்துக் காட்டினால்) அந்த நகலின் ஆயுள் ஒரு நாளுக்குள் இருக்கட்டும்.

வாசகத்தில் ‘அன்பாக இருங்கள்’ என்று மட்டும் எழுதினால் யாரும் கண்டுகொள்வதில்லை. செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்: “இவரின் முதல் கேள்வி இது. விவரம் போதாவிட்டால், எது தேவை என்று கேளுங்கள்.”

லேபிளை எல்லாருக்கும் காட்ட வேண்டியதுமில்லை. விவாத மன்றங்களுக்கான மென்பொருளான டிஸ்கோர்ஸில், குறிப்பிட்ட நம்பிக்கை நிலையை (தளத்தில் பழகப் பழக உயரும் பயனர் படிநிலை) எட்டியவர்களுக்கு மட்டும் காட்டும்படி அமைக்கலாம். கேலி செய்யவென்றே புதியவர்களைத் தேடி அலைபவர்கள் எங்கும் உண்டு. லேபிளை வைத்து வடிகட்டித் தேடும் வசதியை மாடரேட்டர்களுக்கு மட்டும் கொடுங்கள்.

கட்டுப்பாடுகள் வேறு விஷயம். டிஸ்கோர்ஸின் இயல்பு அமைப்பில், புதுக் கணக்கு ஒரு பதிவில் இரண்டு இணைப்புகள்தான் போட முடியும். 5 தலைப்புகளைத் திறந்து, 30 பதிவுகள் படித்து, 10 நிமிடம் செலவிட்டால் அந்தத் தடை விலகும். லேபிளை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். தடை எவ்வளவு படித்தார் என்று பார்க்கிறது, லேபிள் எத்தனை நாள் ஆனது என்று பார்க்கிறது.

ஸ்பேம் போடுபவரும் முதல் வாரத்தில் புதியவர்தான். லேபிள் இருக்கிறதே என்று மற்றவர்கள் புகார் செய்யத் தயங்குவார்கள். ஸ்பேம் என்று ஒருவர் புகார் செய்ததுமே அந்தப் பதிவிலிருந்து லேபிளை மறைத்துவிடுங்கள். மாடரேட்டர் பார்த்துப் புகாரைத் தள்ளினால் திரும்ப வரட்டும்.