ஹெட்லைட்: லோ பீம் எப்போது, ஹை பீம் எப்போது?

ஹெட்லைட்டில் கீழ்நோக்கி அருகில் விழும் வெளிச்சம் லோ பீம், நேராகத் தூரம் பாய்வது ஹை பீம். லோ பீம் என்பது மங்கலான ஹை பீம் இல்லை. இருட்டில் ஒரு சுவருக்கு எதிரே காரை நிறுத்தி லோ பீமைப் போட்டுப் பாருங்கள். வெளிச்சம் ஒரு கோட்டோடு நின்றுவிடும். பெரும்பாலான கார்களில் சாலையோரப் பக்கம் மட்டும் அந்தக் கோடு கொஞ்சம் மேலேறும். எதிரே வருபவருக்குக் கண் கூசக்கூடாது, ஓரமாக நடப்பவரும் நம் கண்ணில் பட வேண்டும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு. ஹை பீமில் அந்தக் கோடே கிடையாது.

எதிரேயோ முன்னாலோ வண்டி இருந்தால் லோ பீம்தான். தெருவிளக்கு உள்ள இடத்திலும் அதுவே போதும். ஆளரவமற்ற இருட்டுச் சாலைக்கு ஹை பீம். மூடுபனியில் மட்டும் தயவுசெய்து ஹை பீம் போடாதீர்கள். பனித்துளிகளில் பட்டு வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பி, முன்னால் வெள்ளைத் திரை கட்டியதுபோல் ஆகிவிடும்.

அப்புறம், பல்பு மாற்றும் விஷயம். எச்4 என்ற வகை ஹாலஜன் பல்பில் ஒளிரும் கம்பி இழைகள் இரண்டு: வழக்கமாக லோ பீமுக்கு 55 வாட், ஹை பீமுக்கு 60 வாட். இழை இருக்கும் இடத்தை வைத்துத்தான், பின்னாலிருந்து வெளிச்சத்தை முன்னால் திருப்பும் ரிஃப்ளெக்டரையே வடிவமைக்கிறார்கள். அதில் ஏதோ ஒரு எல்இடி பல்பைச் செருகினால் வெளிச்சம் சிதறி, லோ பீமே எதிரே வருபவர் கண்ணைக் குத்தும். எல்இடிதான் வேண்டுமென்றால், அதற்கென்றே வடிவமைத்த முழு ஹெட்லைட்டாக, உங்கள் ஊர்ச் சட்டம் அனுமதிப்பதைப் பார்த்து மாற்றுங்கள்.

டிக்கியில் சுமை ஏற்றினால் காரின் மூக்கு தூக்கிக்கொள்ளும், லோ பீமும் கூடவே உயரும். ஹெட்லைட் வெளிச்சத்தின் உயரம் சரிசெய்யும் குமிழ் இருந்தால், கிளம்பும் முன்பே வெளிச்சத்தைக் கீழிறக்கிவிடுங்கள்.