"இது என்னனு தெரியுமா?" என்று போட்டோ போடும்போது நாம் செய்யும் தவறுகள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எந்த ஊர் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்தாலும் இது இருக்கும். ஒரு போட்டோ, கீழே "இது என்னனு யாருக்காவது தெரியுமா?" என்று ஒரு வரி. கல்லோ, காயோ, பூச்சியோ, எதுவாகவும் இருக்கலாம். கேட்பது நல்ல பழக்கம்தான், ஆனால் கேட்கிற விதத்திலும் பதில் சொல்கிற அவசரத்திலும்தான் பாதி விஷயம் கெட்டுப்போகிறது.

சண்டையில் இறந்த வீரனின் நினைவாக நட்ட நடுகல்லையே எடுத்துக்கொள்வோம், நம் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. ஏரிக்கரையில் வாளோ வில்லோ பிடித்த வீரன் உருவம், தலைக்கு மேல் தேய்ந்துபோன நாலு வரி எழுத்து. அதை உச்சி வெயிலில் எடுத்தால் வெறும் பாறைதான் தெரியும். காலையிலோ சாயங்காலமோ வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும்போது எடுத்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து தானாகவே எடுப்பாகத் தெரியும். பக்கத்தில் ஒரு குடையையோ ஸ்கேலையோ வைத்தால் அளவும் புரியும். இதை விட்டுவிட்டு சாக்பீஸால் எழுத்தின் மேல் கோடு போடுவது, கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது எல்லாம் வேண்டாம். நீங்கள் 'ப' என்று நினைத்துப் போட்ட கோடு அப்புறம் படிக்கிறவரையும் குழப்பும், தேய்த்தால் இருக்கிற எழுத்தும் போய்விடும்.

போட்டோ வந்த அடுத்த நிமிஷமே ஒருவர் "திப்பு சுல்தான் காலத்துக் கல்" என்று அடித்துவிடுவார். நம் ஊரில் பழையது எதைப் பார்த்தாலும் திப்புதான்! கல்லில் இருப்பது வட்டெழுத்தாக, அதாவது அந்தக் காலத்தில் தமிழை எழுதிய பழைய எழுத்தாக, இருந்தால் அது திப்புவைவிடப் பல நூறு வருஷம் மூத்தது. தெரியவில்லை என்றால் சும்மா இருக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

இன்னொன்று, கூகுள் மேப் லொகேஷனோடு போடுவது. கற்திட்டைகளை, அதாவது பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய பழங்கால ஈமச்சின்னங்களை, புதையல் இருக்கும் என்று தோண்டிப் பாழாக்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். குரூப்பில் தாலுகா பெயர் போதும், சரியான இடத்தை அரசு அருங்காட்சியகத்தில் சொல்லுங்கள், தர்மபுரியிலும் இருக்கிறது, கிருஷ்ணகிரியிலும் இருக்கிறது.

பெயர் ஒன்றாக இருந்தால் ஊரும் ஒன்று என்று முடிவு கட்டுவதும் அடிக்கடி நடக்கிறது. பர்கூர் மாடு என்றதும் "நம்ம கிருஷ்ணகிரி பர்கூர்" என்று பெருமையாகப் போடுகிறார்கள். அந்த மாடு ஈரோடு மாவட்டம் அந்தியூர் பக்கத்துப் பர்கூர் மலையைச் சேர்ந்தது. நம் பக்கத்துக்குச் சொந்தம் கொண்டாட ஆலம்பாடி மாடு இருக்கிறதே, அதைப் பற்றிப் பேசலாமே. அதேபோல பழைய புத்தகத்தில் "தர்மபுரி மாவட்டம் ஓசூர்" என்று இருந்தால் உடனே தப்பு என்று பாயக்கூடாது. 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்த தர்மபுரி மாவட்டத்திலிருந்து கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது 2004-ல்தான்.

தேதி இல்லாத ஃபார்வர்டு தனித் தொல்லை. "தமிழ்நாட்டின் மிகப் பழைய இரும்பு நம்ம மயிலாடும்பாறையில்" என்று கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை பற்றிய செய்தி இன்னும் சுற்றுகிறது. 2022-ல் கி.மு. 2172 என்று அறிவித்தபோது அது சரி. 2025 ஜனவரியில் வந்த அறிக்கையில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளைக்கு அதைவிட ஆயிரம் வருஷத்துக்கு மேல் முந்தைய காலம் சொல்லியிருக்கிறார்கள். அனுப்பும் முன் எந்த வருஷத்துச் செய்தி என்று ஒரு தடவை பார்த்தால் போதும்.

இதெல்லாம் தப்பானாலும் பெரிய நஷ்டமில்லை, பாம்பு மட்டும் அப்படியில்லை. கட்டுவிரியனுக்கு வெள்ளைப் பட்டை வால் பக்கம் தெளிவாக இருந்து கழுத்துப் பக்கம் மங்கும், விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனுக்கு நேர்மாறு. ஆனால் இருட்டில் செல்போனில் எடுத்த மங்கல் போட்டோவை வைத்து "இது விஷமில்லாதது, பயப்படாதீங்க" என்று சொல்ல எவருக்கும் தைரியம் வரக்கூடாது. அதுவும் கடித்த பிறகு கேட்டால் பெயரே சொல்லாதீர்கள். கட்டுவிரியன் கடித்தால் பல சமயம் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது, அதை நம்பி விடியட்டும் என்று படுத்துவிடுவார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் ஆஸ்பத்திரியில் போடுவது ஒரே மருந்துதான், அதனால் பாம்பைத் தேடிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. 108-க்கு அடித்துவிட்டுக் கிளம்பட்டும், அது என்ன பாம்பு என்று குரூப்பில் அப்புறம் சண்டை போட்டுக்கொள்ளலாம்.