ஜப்பானியப் பாட்டைக் காதை மட்டும் நம்பித் தேர்ந்தெடுக்காதீர்கள்

ஜப்பானில் நண்பர்கள் சேர்ந்து கரோக்கே அறை எடுத்தால், ஆளுக்கு இரண்டு பாட்டு முடிந்ததும் "ஷிரிதோரி ஆடலாமா?" என்று யாராவது கேட்பதுண்டு. முதலில் பாடியவரின் பாட்டுத் தலைப்பு எந்த எழுத்தில் முடிகிறதோ, அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டை அடுத்தவர் பாட வேண்டும். இலங்கை வானொலியில் பி. எச். அப்துல் ஹமீது நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே பிடித்துப்போகும். ஆனால் அந்தப் பழக்கத்தோடு நேராக உள்ளே போனால் முதல் சுற்றிலேயே மாட்டிக்கொள்வோம். இங்கே பாட்டின் வரி கணக்கில்லை. தலைப்புதான் கணக்கு, அதுவும் அதை கானா எனப்படும் ஜப்பானிய ஒலியெழுத்துகளில், அதாவது ஹிரகானாவிலோ கதகானாவிலோ, எழுதினால் கடைசியில் எந்த எழுத்து வருகிறது என்பதுதான் கணக்கு. அனிமே பார்த்தும் யூடியூபில் கேட்டும் ஜப்பானியப் பாட்டைப் பிடித்துக்கொண்டவர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. காதில் கேட்டதை வைத்தே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுகிறோம்.

முதல் விதி எல்லோருக்கும் தெரியும். 'ன்' என்ற எழுத்தில் முடிந்தால் தோல்வி, ஏனென்றால் அந்த எழுத்தில் தொடங்கும் சொல் ஜப்பானியத்தில் இல்லை என்றே சொல்லலாம். தெரிந்தும் கோட்டை விடுகிறோம். யொனெஸு கென்ஷியின் 2018 பாட்டான 'லெமன்' எல்லோருக்கும் தெரிந்த பாட்டு, மெதுவானது, வரிகளும் தெளிவாகக் கேட்கும். அதனாலேயே 'ரெ' எழுத்து வந்ததும் (ஜப்பானியத்தில் 'லெ'வும் 'ரெ'தான்) முதலில் நினைவுக்கு வரும். பெயரைச் சொன்ன அடுத்த நொடி ஆட்டம் முடிந்துவிடும். தலைப்பு ரோமன் எழுத்தில் இருந்தாலும் கானாவில் அது 'ன்'னில்தான் முடியும்.

இதைவிடப் பெரிய கண்ணி 'ரு' எழுத்து. ஜப்பானிய வினைச்சொற்களில் ஏராளமானவை 'ரு'வில் முடிகின்றன, ஆனால் 'ரு'வில் தொடங்கும் சொற்கள் கொஞ்சம்தான். ஆடிப் பழகியவர்கள் எதிராளிக்கு வேண்டுமென்றே 'ரு'வையே தள்ளிக்கொண்டிருப்பார்கள். யோஅசோபியின் 'யொரு நி காகெரு' அப்படி 'ரு'வில் முடிகிற பாட்டு. அதற்குப் பதில் தேடும்போது, கிகி என்ற சூனியக்காரச் சிறுமியின் ஜிப்லி படத்தில் வரும் 'ரூஜு நோ தெங்கொன்' பளிச்சென்று ஞாபகம் வரும். உற்சாகத்தில் அதைச் சொல்லிவிடாதீர்கள், அது 'ன்'னில் முடிகிறது. தெராவோ அகிரா 1981இல் பாடிய 'ரூபி நோ யுபிவா' இருந்தால் தப்பிக்கலாம், 'வா'வில் முடியும். 'ரூபான் சான்செய் நோ தேமா'வும் கைகொடுக்கும், அது 'மா'. ஷிரிதோரிக்குப் போவதற்கு முன் நூறு பாட்டு மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 'ரு'வில் தொடங்கி 'ன்'னில் முடியாத இரண்டு பாட்டைப் பாடிப் பழகியிருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

அடுத்தது நெடில். சகாமோத்தோ க்யூ 1961இல் பாடிய 'உயெ ஓ முய்தெ அருகோ' கேட்பதற்கு 'கோ'வில் முடிகிறது. எழுதும்போது நீளும் 'ஓ'வுக்காக 'உ' சேர்ப்பதால் கடைசி எழுத்து 'உ'. அடுத்தவர் 'உ'வில்தான் தொடங்க வேண்டும், 'கோ'விலோ 'ஓ'விலோ அல்ல. இதே பாட்டு 1963இல் அமெரிக்க பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பிடித்தது 'சுகியாகி' என்ற பெயரில். வெளிநாட்டில் பழகிய அந்தப் பெயரைச் சொன்னால் 'கி' என்று வேறு கணக்கு வந்து வாக்குவாதம்தான் மிஞ்சும். ஜப்பானில் வெளியான தலைப்பையே சொல்லுங்கள்.

கதகானாவில் எழுதும் தலைப்பின் கடைசியில் நீட்டல் கோடு வந்தால் சிக்கல் வேறு மாதிரி. 'பிரிடெண்டா' என்ற பாட்டு அந்தக் கோட்டில்தான் முடிகிறது. கோட்டை விட்டுவிட்டு 'டா' என்று எடுப்பவர்களும் உண்டு, நீளும் ஒலியான 'அ' என்று எடுப்பவர்களும் உண்டு. இரண்டுமே சரிதான், தொடங்கும் முன்பே பேசிக்கொண்டால். 'தென்ஷா' போன்ற சொல்லில் 'ஷா'வை 'ஷி'யோடு சின்ன 'யா' சேர்த்து எழுதுவார்கள், கடைசியில் வரும் அந்தச் சின்ன 'யா'வுக்கும் இப்படித்தான். சிலர் 'யா' என்பார்கள், சிலர் 'ஷா' என்பார்கள்.

தமிழ் எழுத்தில் குறிப்பு எழுதிப் பாடுகிறவர்களுக்கு மட்டும் உள்ள ஆபத்து ஒன்று இருக்கிறது, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். லிசா 2019இல் பாடிய அனிமே பாட்டை 'குரெங்கெ' என்று எழுதி வைத்துக்கொள்கிறோம். முதல் எழுத்து ஜப்பானியத்தில் அழுத்தமான 'கு' (gu), கடைசி எழுத்தும் அழுத்தமான 'கெ' (ge). எக்ஸ் குழுவின் 'குரெநாய்' தொடங்குவது மெல்லிய 'கு'வில் (ku). தமிழில் இரண்டுக்கும் ஒரே 'கு'தான். குறிப்பைப் பார்த்து எடுத்துக் கொடுத்தால் எழுத்தே மாறிப்போகும். த, ப வரிசைகளிலும் இதே கதை. அழுத்த எழுத்தையும் மெல்லிய எழுத்தையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று சில கூட்டங்களில் சலுகை தருவார்கள், எல்லா இடத்திலும் அல்ல. குறில் நெடில் காதுக்குப் பழகிய நமக்கு ஜப்பானிய ஒலியின் அளவு இயல்பாகவே வரும், அது பெரிய வசதி. ஆனால் க, த, ப விஷயத்தில் நம் எழுத்து உதவாது. ஹிரகானாவின் அடிப்படை எழுத்துகள் 46தான். அவற்றைக் கற்றுக்கொண்டு தலைப்பை அதிலேயே எழுதி வையுங்கள்.

ஹிரகானா தெரிந்தால் இன்னொரு பயனும் உண்டு. கரோக்கே திரையில் கான்ஜி எனப்படும் சீன வழி எழுத்துகளுக்கு மேலே சின்னதாக ஹிரகானா ஓடும். பாடலாசிரியர்கள் 'பூமி' என்று கான்ஜியில் எழுதிவிட்டு 'ஹொஷி' என்று பாடவைப்பார்கள், 'விண்வெளி' என்று எழுதிவிட்டு 'சொரா' என்பார்கள். கான்ஜி மட்டும் தெரிந்தவர் அங்கே தடுமாறுவார். தலைப்பிலும் அப்படித்தான். மேலே சொன்ன 'குரெநாய்' ஒரே ஒரு கான்ஜி, அதை 'பெனி' என்றும் வாசிக்கலாம், ஆனால் அந்தப் பாட்டுக்கு அது பொருந்தாது.

சரி, எழுத்து பொருந்திவிட்டது. இனி அதைப் பாட வேண்டும்.

அனிமே ரசிகர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். தொலைக்காட்சியில் வரும் தொடக்கப் பாட்டு சுமார் 90 நொடி. கரோக்கே எந்திரத்தில் வருவதோ பெரும்பாலும் நாலைந்து நிமிட முழுப் பாட்டு. முதல் சரணமும் பல்லவியும் கம்பீரமாக முடியும், இடையிசை வரும், அப்புறம் கேட்டே இராத இரண்டாம் சரணம் திரையில் ஓடத் தொடங்கும். 'ஸான்கொகு நா தென்ஷி நோ தேஸெ' போல எல்லோரும் சேர்ந்து பாடும் பாட்டாக இருந்தால் கூட்டம் காப்பாற்றும். மற்றதற்கு முழுப் பாட்டையும் ஒரு தடவையாவது கேட்டுவிட்டுப் போவதுதான் வழி. இயலவில்லையா, பாதியில் நிறுத்தும் பொத்தான் இருக்கிறது. உங்கள் பாட்டை நீங்களே நிறுத்தினால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். அடுத்தவர் பாட்டில் மட்டும் அதைத் தொடக்கூடாது.

வோகலாய்ட், அதாவது கணினிக் குரல் பாடும் பாட்டுகளை முதல் பாட்டாக எடுக்காதீர்கள் என்று சொல்வேன். ஹத்சுனே மிகு 2007இல் வெளியான குரல் மென்பொருள். அந்தக் குரலுக்கு மூச்சு வாங்கத் தேவையில்லை. 'சென்போன்ஸாகுரா' போன்ற பாட்டில் சொற்கள் இடைவெளியில்லாமல் வரும், சுருதியும் உயரத்திலேயே நிற்கும். கேட்கும்போது தெரியாத கஷ்டம் மைக்கைப் பிடித்ததும்தான் தெரியும். சுருதியை அரை அரை ஸ்வரமாக இறக்கும் பொத்தான் எல்லா எந்திரத்திலும் உண்டு. மூலச் சுருதியிலேயே பாட வேண்டும் என்ற வீம்பு தேவையில்லை.

பாட்டை எந்திரத்தில் தேடும்போது பாடகர் பெயரையும் பாருங்கள். 'சாகுரா' என்று மட்டும் தட்டினால் மொரியாமா நாவோதாரோவின் 2003 பாட்டும் வரும், 2005இல் வந்த கெத்சுமேய்ஷியின் ராப் பாட்டும் வரும், அதே ஆண்டின் கொபுகுரோ பாட்டும் வரும். அவசரத்தில் தொட்டால் வேறு இசை ஓடத் தொடங்கும். மொரியாமாவின் தலைப்பில் அடைப்புக்குறிக்குள் 'தொகுஷோ' என்று வேறு இருக்கிறது. அதையும் சேர்த்தால் கடைசி எழுத்து 'உ', சேர்க்காவிட்டால் 'ரா'. ஒரே தலைப்பை வேறு பாடகர் பெயரில் மறுபடி சொல்லலாமா என்பதையும் முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, இடம் பார்ப்பது. கல்யாணத்தையொட்டிய விருந்தில் பிரிதல், அறுதல், முடிதல் போன்ற சொற்களையே ஜப்பானியர்கள் தவிர்ப்பார்கள். எழுத்து பொருந்துகிறது, மெட்டு இனிமையாக இருக்கிறது என்று காதல் முறிவுப் பாட்டை எடுத்துவிட்டால் முகங்கள் மாறும். பொருள் தெரியாத பாட்டை அங்கே பாடவே பாடாதீர்கள். செரிஷ் இருவரின் 1973 பாட்டான 'தெந்தோமுஷி நோ சம்பா' காலங்காலமாகக் கல்யாணங்களில் ஒலிப்பது. கல்யாணத்தையே பாடுகிற பாட்டு, மெட்டும் எளிது, ஷிரிதோரியில் அடுத்தவருக்கு 'பா' எழுத்தைத் தரும்.