யூஆர்எக்ஸ்விடி முனையத்தில் பெர்ல் நீட்சிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்க உதவும் ஆர்எக்ஸ்விடி-யூனிகோட் என்னும் முனையத்தை (terminal) லினக்ஸ் பயனர்கள் யூஆர்எக்ஸ்விடி என்றே சுருக்கி அழைக்கிறார்கள். பெர்ல் என்னும் நிரல்மொழியை இயக்கும் வசதி இதற்குள்ளேயே பொதிந்திருக்கிறது; நகர்ந்துபோன பழைய வரிகளில் தேடுவது, இரட்டைச் சொடுக்கில் சொல்லின் எல்லையறிந்து தேர்ந்தெடுப்பது போன்ற வசதிகள்கூடப் பெர்ல் நீட்சிகளாகவே (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்களாகவே) அதனுடன் வருகின்றன. புதிதாகச் சேர்த்த நீட்சி இயங்கவில்லை என்றதும் பலர் பெர்ல் நிரலைத்தான் சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு அதற்கு முன்பே, முனையத்தின் அமைவுகளை எழுதிவைக்கும் எக்ஸ் ரிசோர்ஸஸ் கோப்பிலோ அதைப் படிக்கும் கருவியிலோ நேர்ந்திருக்கும்.

முதல் தவறு நீட்சிகளின் பட்டியலை எழுதும் இடத்தில் நிகழ்கிறது. இணைய முகவரிகளைச் சொடுக்கித் திறக்க உதவும் மேட்சர் நீட்சியைச் சேர்க்க விரும்புபவர், அந்தக் கோப்பில் நீட்சிகளைப் பட்டியலிடும் பெர்ல்-எக்ஸ்ட்-காமன் என்ற வரியில் மேட்சர் என்று மட்டும் எழுதிவிடுகிறார். அந்த வரி ஏற்கெனவே இருந்த பட்டியலுடன் சேராமல் அதை முழுவதுமாக மாற்றிவிடுவதால், அதுவரை இயங்கிய தேடலும் பாப்-அப் மெனுவும் சத்தமில்லாமல் காணாமற்போகின்றன. டிஃபால்ட் என்று முதலில் எழுதி, காற்புள்ளி இட்டு, பிறகு மேட்சர் என்று எழுத வேண்டும். வேண்டாத ஒன்றை மட்டும் விலக்க, அதன் பெயருக்கு முன் கழித்தல் குறி இட்டால் போதும். வெவ்வேறு வழிகாட்டிகளிலிருந்து எடுத்து ஒட்டிய கோப்புகளில் இதே வரி இரண்டு மூன்று இடங்களில் இருக்கும். கடைசியாக வருவதே நிலைக்கும் என்பதால் முந்தையவை வெறும் அலங்காரம்.

அடுத்தது பின்சாய்வுக்கோடு (\). மேட்சருக்கு நாமே ஒரு தேடல் வடிவத்தைக் கொடுக்கும்போது, பெர்லில் எழுதுவதைப் போலவே ஒற்றைப் பின்சாய்வுக்கோட்டை இடுவது இயல்பு. ஆனால் ரிசோர்ஸ் கோப்பு அந்தக் குறிக்குத் தனக்கென ஒரு பொருளை வைத்திருக்கிறது. ஆகவே ஒவ்வொன்றையும் இரண்டாக எழுத வேண்டும். யூஆர்எக்ஸ்விடியின் கையேட்டில் உள்ள எடுத்துக்காட்டுகளும் அப்படித்தான் எழுதப்பட்டுள்ளன. ரிசோர்ஸ் கோப்பைப் படித்து ஏற்றும் எக்ஸ்ஆர்டிபி கட்டளை அதைச் சி மொழியின் ப்ரீபிராசசர் (நிரலை முன்கூட்டியே பதப்படுத்தும் கருவி) வழியே அனுப்புவதால் இன்னொரு சிக்கலும் உண்டு: வடிவத்தில் சாய்வுக்கோட்டை அடுத்து நட்சத்திரக்குறி வந்தால், அங்கே குறிப்புரை தொடங்குவதாக எண்ணி அது மீதியை விழுங்கிவிடும். நோ-சிபிபி என்ற விசையை (கட்டளையுடன் எழுதும் தெரிவை)ச் சேர்த்து இதைத் தவிர்க்கலாம். குறிப்புரைக்கு வியப்புக்குறியையே வரியின் தொடக்கத்தில் இட வேண்டும்.

கோப்பைத் திருத்தியபின் எக்ஸ்ஆர்டிபியை மெர்ஜ் விசையுடன் இயக்க வேண்டும். லோட் விசை மற்ற மென்பொருள்களின் அமைவுகளையும் சேர்த்து அழித்துவிடும். ஏற்கெனவே திறந்திருக்கும் சாளரங்களில் மாற்றம் தெரியாது.

பின்னணியில் ஓடி எல்லா முனையங்களையும் தானே நடத்தும் யூஆர்எக்ஸ்விடி-டீமன் வழியே முனையங்களைத் திறப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். எல்லாச் சாளரங்களும் ஒரே செயலாக்கத்தில் (process) இயங்குவதால், ஒருமுறை ஏற்றப்பட்ட நீட்சியின் நிரலைத் திருத்தினாலும் டீமனை மறுபடி தொடங்கும்வரை பழைய நிரலே ஓடிக்கொண்டிருக்கும். அதேபோல, ஒரு நீட்சி வலைத்தளத்தின் பதிலுக்காகவோ வேறெதற்காகவோ காத்து நின்றால், அத்தனை சாளரங்களும் அதனுடன் சேர்ந்து உறைந்துவிடும். நிரலை எழுதிச் சோதிக்கும் காலத்தில் டீமனைத் தொடாமல், தனி முனையத்தைத் திறந்து பார்ப்பதே நல்லது.

சொந்தமாக நீட்சி எழுதுவோரை அதிகம் அலைக்கழிப்பது ஹூக் (குறிப்பிட்ட நிகழ்வின்போது முனையம் அழைக்கும் சப்ரூட்டீன், அதாவது நிரல்துண்டு) திருப்பியனுப்பும் மதிப்பு. விசைப்பலகையில் விசை அழுத்தப்படும்போது அழைக்கப்படும் ஹூக் மெய்யான (true) மதிப்பு ஒன்றைத் திருப்பினால், அந்த விசையை நீட்சியே கையாண்டுவிட்டதாக முனையம் கொள்ளும். பெர்லில் வெளிப்படையாக எதையும் திருப்பாவிட்டால் கடைசியாகக் கணிக்கப்பட்ட கோவையின் (expression) மதிப்பே திரும்பும். எண்ணிக்கையை ஒன்று கூட்டும் சாதாரண வரியோடு ஹூக் முடிந்தாலும், அழுத்திய எழுத்து திரைக்கு வராமல் மறைந்துபோக அதுவே போதும். யூஆர்எக்ஸ்விடியுடன் வரும் நீட்சிகளில் பல சப்ரூட்டீன்கள் வெற்று அடைப்புக்குறிகளோடு முடிவது இதற்காகத்தான்.

நீட்சிக் கோப்புகளைக் கணினியின் பொது அடைவில் (directory) போட்டுவைத்தால், தொகுப்பைப் புதுப்பிக்கும்போது அவை அழிய வாய்ப்புண்டு. வீட்டு அடைவில் யூஆர்எக்ஸ்விடி என்ற மறைவு அடைவுக்குள் எக்ஸ்ட் என்ற துணை அடைவே அவற்றுக்குரிய இடம். பெயர் தவறினால் நீட்சி கிடைக்கவில்லை என்ற பிழைச்செய்தி வரும், ஆனால் மெனுவிலிருந்து முனையத்தைத் திறப்பவர் கண்ணில் அது படாது. வேறொரு முனையத்திலிருந்து கட்டளையாக இயக்கிப் பார்த்தால் செய்தி அங்கே தெரியும்.

நீட்சிகள் பயனரின் முழு உரிமையோடு இயங்குபவை. முனையத்துடன் வரும் பேக்ரவுண்ட் நீட்சியிலேயே, திரையில் எழுதப்படும் தரவின் வழியாக அயலார் கட்டளைகளை இயக்க இடங்கொடுக்கும் ஓட்டை இருந்தது 2022-ல் தெரியவந்தது, 9.25, 9.26 பதிப்புகளில் இருந்த அந்தக் குறை 9.30-ல் நீக்கப்பட்டிருக்கிறது. ஹெல்ப் விசையுடன் யூஆர்எக்ஸ்விடியை இயக்கினால் உங்கள் பதிப்பின் எண்ணும், அது பெர்ல் ஆதரவோடு கட்டப்பட்டதா என்பதும் தெரிந்துவிடும்.