மீதி ஒன்று எங்கே சிக்குகிறது: வீட்டில் இயந்திரக் கணினி செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்சாரமே இல்லாமல், பல்சக்கரத்தையும் கம்பியையும் கோலிக்குண்டையும் வைத்துக் கணக்குப் போடும் கருவியைச் செய்து பார்க்கும் ஆசை ஒருமுறை வந்துவிட்டால் லேசில் விடாது. நான் இதுவரை மூன்று கூட்டல் கருவிகள் செய்திருக்கிறேன். ஒழுங்காக ஓடுவது ஒன்று. மற்ற இரண்டும் பரணில் கிடக்கின்றன. இந்தக் கட்டுரை அந்த இரண்டைப் பற்றியதுதான்.

தாளில் படம் சரியாக வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நினைத்தேன். தாளில் வரைந்த கோட்டுக்கு எடை கிடையாது, உராய்வு கிடையாது. மின்சுற்றில் ஒவ்வொரு 'கேட்'டுக்கும், அதாவது 0, 1 என்று முடிவெடுக்கும் ஒவ்வொரு சிறு சுற்றுக்கும், மின்சாரம் தனியாக வருகிறது. கம்பி கம்பியைத் தள்ளும் கருவியில் அப்படியில்லை. முதல் கம்பியைத் தள்ளுகிற விரல்தான் கடைசிக் கம்பி வரைக்கும் எல்லாப் பாரத்தையும் சுமக்க வேண்டும்.

இதை அம்பலப்படுத்துவது மீதி. "ஏழும் எட்டும் பதினைந்து, ஐந்தைப் போட்டு மீதி ஒன்று" என்கிறோமே, அதே மீதிதான். 1234 உடன் 1 கூட்டினால் ஒரே ஒரு சக்கரம் நகரும். 9999 உடன் 1 கூட்டிப் பாருங்கள். நான்கு சக்கரங்களும் ஒன்றை ஒன்று உருட்டி, ஐந்தாவதையும் ஒரு பல் நகர்த்தியாக வேண்டும். என் முதல் கருவியில் மூன்றாம் சக்கரத்திலேயே பல் உடைந்தது.

இந்தச் சிக்கல் பழையது. 1642இல், 19 வயதில், வரிக் கணக்கு வேலையிலிருந்த தன் அப்பாவுக்காகக் கூட்டல் பெட்டி செய்யத் தொடங்கிய பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சக்கரம் 9ஐ நோக்கிச் சுற்றும்போதே எடையுள்ள ஒரு நெம்புகோலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி வைக்கும். 9இலிருந்து 0க்குப் போகும் நொடியில் அது விழுந்து அடுத்த சக்கரத்தைத் தள்ளும். தள்ளும் பலம் விரலிலிருந்து வரவில்லை, விழுகிற எடையிலிருந்து வருகிறது. ஆங்கிலேயக் கணித மேதை பாபேஜ் 1840களில் வரைந்த, கணித அட்டவணை போடும் 'இரண்டாம் வேறுபாட்டு இயந்திரத்தில்' வழி வேறு. மீதி இருக்கிறது என்று முதலில் ஒரு நெம்புகோல் குறித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் தனிக் கைகள் ஒவ்வொரு இலக்கமாக வந்து மீதியைச் சேர்க்கும். அதில் 31 இலக்கங்கள். லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991இல் அதன் கணக்குப் பகுதியைச் செய்து முடித்து ஓட்டியும் காட்டியது. இரண்டில் எதையாவது பின்பற்றுங்கள். நேரடியாகத் தள்ளும் வழி மூன்று இலக்கத்துக்கு மேல் வேண்டாம்.

அடுத்தது ஆட்டம், அதாவது மூட்டுகளில் இருக்கும் தளர்வு. ஆணிக்கும் துளைக்கும் நடுவே இடைவெளி இல்லாவிட்டால் எதுவும் அசையாது. இருந்தால் அசைவில் ஒரு பங்கு அங்கேயே தொலையும். ஒரு மூட்டுக்கு 0.3 மி.மீ. என்று வையுங்கள். எட்டு மூட்டு தாண்டும்போது 2.4 மி.மீ. போயிருக்கும். கம்பி ஒரு பக்கம் இருந்தால் 0, தள்ளினால் 1 என்று வைத்த கருவியில் நீங்கள் தள்ளியதே 5 மி.மீ. என்றால், கடைசிக் கம்பி 0க்கும் 1க்கும் நடுவில் திரிசங்குவாக நிற்கும். உடனே துளைகளை இறுக்கத் தோன்றும். செய்யாதீர்கள், இன்னும் மோசமாகச் சிக்கும். ஒவ்வொரு படியிலும் ஒரு பள்ளமும் ஸ்பிரிங்கும் வைத்து, கம்பியை 0 அல்லது 1 பக்கம் இழுத்து உட்கார வையுங்கள். பாபேஜ் இதற்கும் மேலே போனார். பற்களின் நடுவே பூட்டுகள் இறங்கும். சக்கரம் சற்றே விலகியிருந்தால் நேராக்கும், மிகவும் விலகியிருந்தால் இயந்திரமே சிக்கி நின்றுவிடும். தப்பான விடை சொல்வதற்கு நின்றுபோவதே மேல் என்பது அவர் எண்ணம். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

பெர்லினில் அப்பா அம்மாவின் வீட்டிலேயே கணினி கட்டியவர் கொன்ராட் சூசே. 1936 முதல் 1938 வரை, நண்பர்கள் உதவியோடு உலோகத் தகடுகளை அறுத்து அறுத்து அவர் அடுக்கிய இசட்1 அடிக்கடி சிக்கிக்கொண்டது. ஆனால் சிக்கியது பெரும்பாலும் கணக்குப் பகுதி; நினைவகம் நன்றாகவே வேலை செய்தது. அதனால் அடுத்த கருவியில் கணக்கை ரிலேக்களிடம் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகளிடம்) கொடுத்துவிட்டு, தகட்டு நினைவகத்தை அப்படியே வைத்துக்கொண்டார். பிடிவாதம் பிடிக்காதது எனக்குப் பிடித்தது. முதல் முயற்சியிலேயே எட்டு பிட் (0 அல்லது 1 என்ற ஒரு இலக்கம்தான் பிட்) கணினி கட்டக் கிளம்புகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: ஒரே ஒரு பிட்டைச் செய்து நூறு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டு, எந்தப் பகுதி ஒத்துழைக்கிறது என்று தெரிந்த பிறகு இரண்டாவதற்குப் போங்கள். 1963இல் அமெரிக்காவில் பிள்ளைகளுக்காக விற்பனைக்கு வந்த டிஜி-காம்ப் என்ற பிளாஸ்டிக் கணினியிலேயே மொத்தம் மூன்று பிட்தான்.

பல்சக்கரம் வெட்ட வசதியில்லாதவர்கள் குண்டு உருளும் கருவியில் தொடங்கலாம். சாய்பலகையில் இப்படியும் அப்படியும் சாயும் சின்னத் துடுப்புதான் ஒரு பிட். குண்டு வந்து துடுப்பை 0இலிருந்து 1க்குச் சாய்த்தால் வெளியே போய்விடும். 1இலிருந்து 0க்குச் சாய்த்தால் அடுத்த துடுப்புக்கு இறங்கும். மீதி வந்துவிட்டது! குண்டு இறங்க இறங்கப் புதிதாக வேகம் பெறுவதால் பாரம் சேரும் தொல்லையும் இல்லை. இங்கே செய்யும் தவறுகள் சின்னவை. கடையில் வாங்கும் கோலிகள் ஒரே அளவில் இருக்காது. சைக்கிள் கடையில் பால்ரஸ் (எஃகுக் குண்டு) கேட்டு வாங்குங்கள். முதல் குண்டு வெளியே போகுமுன் இரண்டாவதை விடாதீர்கள். பலகை பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் துடுப்பு ஒரு பக்கமே விழும், அதனால் ரசமட்டம் வைத்துப் பாருங்கள்.

பொருள் விஷயத்தில் என் இரண்டாவது கருவி பலியானது. பிளைவுட்டில் லேசர் வெட்டிய சக்கரங்கள் சித்திரையில் அழகாகச் சுற்றின. ஐப்பசி மழையில் ஊறி உப்பி நின்றுவிட்டன. வெட்டிய உடனே வார்னிஷ் அடித்திருக்க வேண்டும். பேராசையில் அதற்கு எண்ணெய் வேறு விட்டேன். மரம் எண்ணெயைக் குடித்தது, தூசியும் சேர்ந்து பசையானது. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே பென்சில் கரியைத் தேய்த்தாலே போதும். 3டி பிரிண்டரில் எடுப்பவர்கள், துளைகள் பெரும்பாலும் வரைந்த அளவைவிடச் சிறுத்தே வரும் என்பதால் டிரில் விட்டுச் சீராக்கிய பிறகுதான் அச்சைச் செருக வேண்டும்.

ஓடத் தொடங்கியதும் அழகான பெட்டிக்குள் வைத்து மூடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். முன்பக்கம் கண்ணாடி அட்டை இருந்தால் போதும், பின்பக்கம் திறந்தே இருக்கட்டும். சிக்கும் ஒவ்வொரு தடவையும் சிக்கிய பாகத்திலேயே பென்சிலால் ஒரு கோடு போடுவது என் வழக்கம். இப்போது ஓடுகிற கருவியில் இரண்டாம் இலக்கத்து நெம்புகோலில் பதினோரு கோடுகள் இருக்கின்றன, மற்றவற்றில் ஒன்றோ இரண்டோதான். இந்த ஞாயிற்றுக்கிழமை அதைக் கழற்றி அரத்தால் ராவ வேண்டும்.